பால் குடிக்கும்போது குழந்தைக்கு வேர்க்கிறதா?

இளம் இருதயம் ரத்தத்தில் அனுப்பும் சேதி

மயிலாப்பூர் மாட வீதி. மார்கழி மாதத்து விடியற்காலை. தெப்பக்குளத்துப் பக்கமிருந்து குளிர் காற்று வீசுகிறது. பெரியவர்கள் காதை மப்ளரால் மூடிக் கொண்டு கோவிலுக்குப் போகிறார்கள்.

அங்கே ஒரு வீட்டில் இளம் தாய் ஒருத்தி தன் இரண்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக் கொண்டிருக்கிறாள்.

குழந்தை நாலு வாய் குடிக்கிறது. நிறுத்துகிறது. மூச்சு வாங்குகிறது. மறுபடியும் நாலு வாய் குடிக்கிறது. மறுபடியும் நிறுத்துகிறது. அந்தக் குளிரிலும் அதன் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை!

"ஏன் அம்மா இப்படி வேர்க்கிறது?" என்று தாய் கேட்கிறாள்.

"அவன் அப்பாவுக்கும் சின்ன வயசில் இப்படித்தான். வேர்வை உடம்பு. நீ ஒன்றும் பயப்படாதே!" என்கிறாள் பாட்டி.

இது நாம் கற்பனை செய்து கொண்ட காட்சிதான். ஆனால் இதைப் போன்ற கதையைக் குழந்தை வைத்தியர்கள் கேட்காத மாதம் கிடையாது.

பாட்டி சொன்னது சரியாக இருக்கலாம். சில குழந்தைகளுக்கு இயற்கையாகவே வேர்க்கும். ஆனால் அந்த வேர்வை, குழந்தையின் இருதயம் களைத்துப் போய்விட்டதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு இப்போது ஒரு ரத்தச் சோதனை வந்திருக்கிறது. களைத்துப் போன இருதயம், தன் கஷ்டத்தைத் தானே ரத்தத்தில் எழுதி அனுப்புகிறது. அந்தக் கடிதத்தைப் படிக்க விஞ்ஞானிகள் கற்றுக் கொண்டு விட்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இருதயம் நின்று விடுமா?

"ஹார்ட் பெயிலியர்" என்று டாக்டர் சொன்னதுமே பெற்றோர் இடிந்து போய் விடுகிறார்கள். இருதயம் நின்று விட்டது என்று நினைத்துக் கொள்கிறார்கள். அது தவறு.

இருதயம் ஒரு பம்ப். உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை இறைத்து அனுப்புவது அதன் வேலை. தேவையான அளவுக்கு இறைக்க முடியாமல் அது இளைத்துப் போவதைத்தான் டாக்டர்கள் ஹார்ட் பெயிலியர் என்கிறார்கள். நாம் அதை 'இருதயத் தளர்ச்சி' என்று சொல்லலாம். இருதயம் நிற்கவில்லை, திணறுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்து வைத்தியம் செய்தால் பல குழந்தைகள் நன்றாகத் தேறி விடுகிறார்கள்.

வீட்டு மாடியில் உள்ள தொட்டிக்கு மோட்டார் சரியாகத் தண்ணீர் ஏற்றாவிட்டால் என்ன ஆகும்? மேலே குழாயில் தண்ணீர் வராது. கீழே நீர் தேங்கும். உடம்பிலும் அப்படித்தான். கைகால்களுக்குப் போதிய ரத்தம் போகாமல் அவை சில்லிட்டுப் போகின்றன. நுரையீரலிலும் ஈரலிலும் நீர் தேங்குகிறது. அதனால் மூச்சு வாங்குகிறது, வயிறு கனக்கிறது.

பெரியவர்களுக்கு மாடிப் படி ஏறும்போது மூச்சு வாங்கும். பச்சைக் குழந்தை படி ஏறுவதில்லையே! பால் குடிப்பதுதான் அதற்குத் தேகப் பயிற்சி. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் மூட்டையோடு ஓடி ஏறுகிறவருக்கு எப்படி வேர்க்குமோ, அப்படித் தளர்ந்த இருதயம் உள்ள குழந்தைக்குப் பால் குடிக்கும்போது வேர்க்கிறது.

பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தது?

பெற்றோர் கேட்கும் அடுத்த கேள்வி இது. நியாயமான கேள்வி.

பிறக்கும் 1,000 குழந்தைகளில் சுமார் 8 அல்லது 9 குழந்தைகளுக்கு இருதய அமைப்பில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. அவற்றில் அதிகமாகக் காணப்படுவது, இருதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை. சிறு ஓட்டையானால் அநேகமாகத் தானே மூடிக் கொள்ளும். பெரிய ஓட்டையானால்தான் தொல்லை.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. அதன் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கிடக்கின்றன. பிறந்த பிறகு அவை உடனே முழுவதும் விரிந்து விடுவதில்லை. சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விரிகின்றன. அப்படி விரிந்த பின்புதான், இருதயத்தின் ஓட்டை வழியாக ரத்தம் நுரையீரலை நோக்கி வெள்ளமாகப் பாய்கிறது. இருதயம் இரட்டிப்பு வேலை செய்ய வேண்டி வருகிறது.

அதனால்தான் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நன்றாக வீடு வந்த குழந்தை, ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆனதும் பால் குடிக்கத் திணறுகிறது. எடை ஏற மறுக்கிறது.

இருதயத் தளர்ச்சிக்கு ஓட்டை மட்டுமே காரணம் அல்ல. வைரஸ் ஜுரம் இருதயத் தசையைத் தாக்கலாம். பிறவியிலேயே தசை பலவீனமாக இருக்கலாம். கடுமையான ரத்த சோகையாலும் வரலாம். கால்ஷியம் மிகவும் குறைந்து போனாலும் கைக்குழந்தையின் இருதயம் தளர்ந்து விடும். இந்தக் கடைசிக் காரணத்தைக் கண்டுபிடித்துக் கால்ஷியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தால், இருதயம் பழையபடி பலம் பெற்று விடும்!

சளியா? இருதயமா?

மூச்சு வாங்கும் குழந்தையை டாக்டரிடம் கொண்டு போகிறார்கள். மார்பில் குழாய் வைத்துப் பார்க்கிறார் டாக்டர். 'கர் கர்' என்று சத்தம் கேட்கிறது.

சளி பிடித்த குழந்தைக்கும் மூச்சு வாங்கும். இருதயம் தளர்ந்த குழந்தைக்கும் மூச்சு வாங்கும். இரண்டு பேருக்கும் மார்பில் சத்தம் கேட்கும். பல குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இருதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு அடிக்கடி சளி ஜுரம் வருவது வழக்கம். அதனால் சளிக்கு மருந்து கொடுத்துக் கொண்டே நாட்களைக் கடத்தி விடுவது உண்டு.

இருதயத்தைப் படம் பிடித்துக் காட்டும் 'எக்கோ' சோதனை செய்தால் உண்மை தெரிந்து விடும். ஆனால் பச்சைக் குழந்தையின் இருதயத்தை எக்கோவில் பார்த்துச் சொல்லத் தனிப் பயிற்சி வேண்டும். அந்த நிபுணர் எல்லா ஊரிலும், எல்லா நேரத்திலும் கிடைக்க மாட்டார். நடுநிசியில் வந்த குழந்தைக்கு உடனே என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான் ரத்தச் சோதனை உதவிக்கு வருகிறது.

எலியும் பன்றியும் சொன்ன ரகசியம்

இருதயம் வெறும் பம்ப் என்றுதான் உலகம் நெடுங்காலம் நினைத்திருந்தது.

1956-ல் புரூனோ கிஷ் என்ற விஞ்ஞானி கினிப்பன்றியின் இருதயத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மேல் அறைகளின் தசைக்குள் சிறு சிறு மணிகள் போல ஏதோ தெரிந்தது. அவை எதற்கு என்று புரியவில்லை.

1981-ல் கனடா நாட்டில் அடால்போ டி போல்ட் என்பவர் அந்தப் புதிரை விடுவித்தார். எலியின் இருதய மேல் அறைகளை அரைத்து, சாறு எடுத்து, அதை வேறு எலிகளின் ரத்தத்தில் செலுத்தினார். என்ன ஆச்சரியம்! அந்த எலிகளின் சிறுநீர் பல மடங்கு பெருகியது. உடம்பிலிருந்த உப்பும் சிறுநீரோடு வெளியேறியது. இருதயம், சிறுநீரகத்துக்குக் கட்டளை அனுப்பும் ஒரு சுரப்பியும் கூட என்று அப்போது தெரிந்தது.

1988-ல் ஜப்பானில் சூடோ, கங்காவா, மினமினோ, மாட்சுவோ என்ற விஞ்ஞானிகள் பன்றியின் மூளையிலிருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைப் பிரித்து எடுத்தார்கள். மூளையில் கிடைத்ததால் மூளையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் சுருக்கப் பெயர் பி.என்.பி. இதில் உள்ள 'பி' என்ற எழுத்து மூளையைக் குறிக்கும்.

பிறகு பார்த்தால், அந்தப் பொருளை முக்கியமாக உண்டாக்குவது மூளை அல்ல. இருதயத்தின் கீழ் அறைகள்! ஆனால் வைத்த பெயர் வைத்ததுதான். இன்றும் மூளையின் பெயரைச் சுமந்து கொண்டுதான் இருதயத்தின் சேதி ரத்தத்தில் ஓடுகிறது.

நூற்றெட்டு மணி மாலை

இருதயம் இந்தப் பொருளை எப்போது உண்டாக்குகிறது?

இருதய அறையில் அளவுக்கு மீறி ரத்தம் தேங்கினால் அதன் சுவர் இழுபடுகிறது. பலூனை அதிகமாக ஊதினால் ரப்பர் விறைப்பதைப் போல. அப்படி இழுபட்டதும் தசை அணுக்கள் விழித்துக் கொள்கின்றன. ஒரு நீண்ட பொருளைத் தயாரிக்கின்றன. அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோர்த்த மாலை என்று அதைச் சொல்லலாம். அந்த மாலையில் எத்தனை மணிகள் தெரியுமா? சரியாக 108!

இந்த 108 மணி மாலை இரண்டு துண்டாக வெட்டுப்படுகிறது. 32 மணிகள் கொண்ட துண்டுதான் பி.என்.பி. மற்ற 76 மணிகள் கொண்ட துண்டுக்கு என்.டி. புரோ பி.என்.பி. என்று பெயர்.

32 மணித் துண்டு வேலைக்காரன். சிறுநீரகத்திடம் போய், "உப்பையும் நீரையும் வெளியே தள்ளு!" என்கிறது. ரத்தக் குழாய்களிடம் போய், "கொஞ்சம் விரிந்து கொடு!" என்கிறது. களைத்த இருதயத்தின் பாரம் குறைகிறது.

76 மணித் துண்டுக்கு அப்படிப்பட்ட வேலை இல்லை. ஆனால் அது ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். 32 மணித் துண்டு சுமார் 20 நிமிஷத்தில் பாதியாகக் குறைந்து விடுகிறது. 76 மணித் துண்டு பாதியாவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே அளந்து பார்க்க இது வசதி.

இருதயத்தின் பாரம் கூடக் கூட, ரத்தத்தில் இந்த இரண்டும் கூடும். பாரம் இறங்கினால் இவையும் இறங்கும். இதுதான் சூட்சுமம்.

லட்சம் கோடியில் ஒரு பங்கு!

ஒரு கிராம் எடையை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குக்கு பிகோகிராம் என்று பெயர். ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை பிகோகிராம் என்.டி. புரோ பி.என்.பி. இருக்கிறது என்று லேபரட்டரியில் கணக்குப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு நுண்ணிய பொருளைப் பிடிப்பது எப்படி? பூட்டுக்கு ஏற்ற சாவி போல, இந்தப் பொருளை மட்டுமே பற்றிக் கொள்ளும் எதிர்ப்பொருள்களைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றோடு ஒளி வீசும் அடையாளம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். எவ்வளவு ஒளி வருகிறது என்பதை மிஷின் அளந்து சொல்கிறது.

"இத்தனூண்டு குழந்தையிடம் ரத்தம் எடுக்கலாமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். நாலரைக் கிலோ குழந்தையின் உடம்பில் சுமார் 350 மில்லி ரத்தம் ஓடுகிறது. சோதனைக்கு வேண்டியது ஒன்று, இரண்டு மில்லிதான். அரை டீஸ்பூன் கூட இல்லை. பயப்பட வேண்டியது இல்லை.

சீட்டைப் பார்த்து மயங்காதீர்கள்

பெற்றோர் முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

லேபரட்டரிச் சீட்டில் வலது பக்கத்தில் 'சரியான அளவு' என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். என்.டி. புரோ பி.என்.பி. சோதனைக்கு அநேகமாக 125-க்குக் கீழ் என்று போட்டிருக்கும். அது பெரியவர்களுடைய கணக்கு!

பிறந்து இரண்டு நாள் ஆன, பூரண ஆரோக்கியமான குழந்தையின் ரத்தத்தில் இந்தப் பொருள் ஆயிரக் கணக்கில் இருக்கும். வயிற்றுக்குள் இருந்த வாழ்க்கையிலிருந்து வெளி வாழ்க்கைக்கு மாறும்போது இருதயத்துக்கு வரும் பாரம் அப்படி. முதல் வாரத்திலேயே அது இறங்க ஆரம்பிக்கிறது. ஒரு மாதம் தாண்டிய பின் அநேகமாக நூற்றுக் கணக்குக்கு வந்து விடுகிறது. பள்ளிக்கூடம் போகும் வயதில் பெரும்பாலும் 100-க்கும் கீழே இருக்கிறது.

ஆகவே மூன்று நாள் குழந்தையின் சீட்டில் 3,000 என்று இருந்தால் அலற வேண்டாம். அதே 3,000 மூன்று மாதக் குழந்தையின் சீட்டில் இருந்தால் அலட்சியமாக இருக்க வேண்டாம். எண் ஒன்றுதான், வயதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறுகிறது. குழந்தையின் வயதை நாள் கணக்கோடு டாக்டரிடம் சொல்லுங்கள். அர்த்தத்தை அவர் சொல்லட்டும்.

ஒரே ஒரு எண்ணைக் காட்டிலும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பெரிய விஷயம். வைத்தியம் தொடங்கிய பிறகு எண் இறங்கினால், இருதயத்தின் பாரம் குறைகிறது என்று டாக்டர் தெரிந்து கொள்கிறார்.

இந்த இறக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். சக்குபிட்ரில், வல்சார்ட்டன் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை ஒன்று பெரியவர்களின் இருதயத் தளர்ச்சிக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. நாம் மேலே சொன்ன 32 மணித் துண்டை உடம்பு சீக்கிரம் சிதைத்து விடாமல் அது காக்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கலாம் என்று 2019 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி அளித்தது. அதற்கு ஆதாரமாக எடுத்துக் கொண்டது எதை? குழந்தைகளின் ரத்தத்தில் என்.டி. புரோ பி.என்.பி. குறைந்ததைத்தான்!

2020-ல் சென்னை கண்ட ஜுரம்

இந்தச் சோதனையின் அருமையைச் சென்னை நகரம் 2020-ல் நேரில் கண்டது.

கொரோனா பரவிய காலம் அது. ரங்கநாதன் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பனகல் பார்க் வெறிச்சோடிக் கிடந்தது. "குழந்தைகளை இந்த நோய் அதிகம் ஒன்றும் செய்யாது" என்று எல்லோரும் ஆறுதலாக இருந்தார்கள்.

2020 ஏப்ரல் மாதக் கடைசியில் இங்கிலாந்து டாக்டர்கள் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். சில குழந்தைகளுக்குக் கடும் ஜுரம் வருகிறது. உடம்பு முழுவதும் அழற்சி உண்டாகிறது. சிலருக்கு இருதயம் தளர்ந்து விடுகிறது என்றார்கள்.

தியாகராய நகரை அடுத்த நுங்கம்பாக்கத்தில், வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கத்தில், காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1978-லிருந்து குழந்தைகளுக்கென்றே நடக்கும் ஆஸ்பத்திரி இது. அங்கே 8 வயதுச் சிறுவன் ஒருவன் இப்படிப்பட்ட அழற்சியோடு கொண்டு வரப்பட்டான். அவனுக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் டோசிலிசுமாப் என்ற மருந்தும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த விவரத்தை டாக்டர்கள் 2020-லேயே 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' என்ற வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து இந்த நோயைப் பற்றி வெளிவந்த முதல் சில கட்டுரைகளில் அது ஒன்று.

அத்துடன் முடியவில்லை. 2020 மே 4-ந் தேதிக்கும் ஜூலை 8-ந் தேதிக்கும் இடையே சென்னையின் 4 பெரிய ஆஸ்பத்திரிகளில் 19 குழந்தைகளுக்கு இந்த நோய் கண்டதாக டாக்டர்கள் எழுதினார்கள்.

இந்த நோயில் ஒரு வஞ்சகம் உண்டு. கொரோனா வந்து போய் இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் கழித்து இது வரும். பல குழந்தைகளுக்குக் கொரோனா வந்ததே வீட்டாருக்குத் தெரிந்திருக்காது. ஜுரத்தோடு வயிற்று வலி, வாந்தி, பேதி வரும். கண் சிவக்கும். தோல் தடிக்கும். வயிற்றுக் கோளாறு என்றே நினைக்கத் தோன்றும். இருதயத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்?

அந்த நிலையில் ரத்தச் சோதனை டாக்டர்களுக்கு வழி காட்டியது. 2020 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த நோய்க்கு இலக்கணம் வகுத்தபோது, இருதயம் தாக்கப்பட்டதற்கு அடையாளமாக இரண்டு ரத்தச் சோதனைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஒன்று டிரோபோனின். மற்றது நமது என்.டி. புரோ பி.என்.பி.

நேரத்தில் கண்டுபிடித்து வைத்தியம் செய்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு, தளர்ந்த இருதயம் சில வாரங்களில், சில மாதங்களில் பழைய பலத்துக்குத் திரும்பியது. இதுதான் உலகம் முழுவதும் கண்ட அனுபவம்.

கூட வரும் சாட்சிகள்

டாக்டர்கள் ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. மற்ற சாட்சிகளையும் கூப்பிடுகிறார்கள்.

டிரோபோனின் என்பது இருதயத் தசைக்குள் இருக்கும் பொருள். தசை காயப்பட்டால் அது ரத்தத்தில் கசியும். பி.என்.பி. வகை, இருதயம் பாரம் தாங்காமல் தவிக்கிறது என்று சொல்லும். டிரோபோனின், தசையே சேதமாகிறது என்று சொல்லும்.

சி.ஆர்.பி. என்ற சோதனை உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும். ஹீமோகுளோபின், ரத்த சோகையைக் காட்டும். கைக்குழந்தையானால் கால்ஷியமும் வைட்டமின் டி-யும் பார்ப்பார்கள்.

சோதனை சொல்லாதது என்ன?

எந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. சிறுநீரகம் கெட்டிருந்தாலும் இந்த எண் ஏறும். கடுமையான நிமோனியாவிலும், ரத்தத்தில் கிருமி பரவினாலும் ஏறும். குறைமாதக் குழந்தைகளுக்கும் கூடுதலாக இருக்கும்.

எண் சரியாக இருந்தால், இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. சிறு ஓட்டை இருந்து, இருதயம் இன்னும் களைக்காமல் இருந்தால் எண் ஏறாது. இருதயம் களைத்திருக்கிறதா என்பதைச் சோதனை சொல்லும். ஏன் களைத்தது என்பதை எக்கோதான் சொல்லும்.

ஆகையால் பத்திரிகையில் படித்தோம் என்று தாமாகவே லேபரட்டரிக்குப் போய் இந்தச் சோதனையைச் செய்து கொள்ள வேண்டாம். செலவும் வீண், மனக் கலக்கமும் வீண். வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குழந்தையைப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டும்.

தாய்மார்களே, இவற்றைக் கவனியுங்கள்!

மிஷின் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், குழந்தையை டாக்டரிடம் கொண்டு போக வேண்டியவர்கள் நீங்கள்தான். கைக்குழந்தையிடம் இந்த அடையாளங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்:

பால் குடிக்கும்போது நெற்றியில் வேர்ப்பது.

நாலு வாய் குடித்து நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி குடிப்பது. வயிறு நிறையாமலே களைத்துத் தூங்கி விடுவது.

மாதா மாதம் எடை ஏறாதது.

மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது.

அடிக்கடி சளி ஜுரம் வருவது.

கைகால் சில்லிட்டிருப்பது.

பெரிய குழந்தையானால், விளையாட்டில் மற்றவர்களுக்கு முன்பே களைத்து உட்காருவது, படுத்தால் மூச்சு முட்டுவது, முகமோ காலோ வீங்குவது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வயிற்று வலியும் வாந்தியும் வருவது.

மூச்சை எண்ணவும் கற்றுக் கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் படிப்பு வேண்டாம். கடிகாரம் இருந்தால் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, அதன் வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் அதிகம். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் அதிகம். அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அது சளியாகவும் இருக்கலாம், இருதயமாகவும் இருக்கலாம். எதுவானாலும் காத்திருக்கக் கூடாது.

உதடு நீலமானாலோ, குழந்தை பாலே குடிக்காமல் துவண்டு போனாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது?

"இருதய வைத்தியம் என்றால் லட்சக் கணக்கில் ஆகுமே!" என்று பயந்து, குழந்தையை ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகாத குடும்பங்கள் உண்டு.

தமிழ்நாட்டில் 2008-லேயே இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கி, ஏழைக் குழந்தைகளுக்குச் சர்க்கார் செலவில் இருதய ஆபரேஷன் செய்யப்பட்டது. 2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தைகளின் இருதய ஆபரேஷனுக்கு இடம் உண்டு. காப்பீட்டு அட்டை வாங்காத குடும்பங்கள் வாங்கி வைத்துக் கொள்வது நல்லது.

2013-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில், டாக்டர்கள் அங்கன்வாடிக்கும் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கும் வந்து, பிறவிக் குறைகள் உண்டா என்று குழந்தைகளைப் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திக் கொள்ளாதீர்கள்.

எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. மயிலையிலிருந்தோ அடையாறிலிருந்தோ பஸ் ஏறினால் போய் விடலாம்.

மறுபடியும் மாட வீதி

நாம் ஆரம்பத்தில் பார்த்த தாய் என்ன செய்ய வேண்டும்?

பாட்டியோடு சண்டை போட வேண்டாம். "சரிதான் அம்மா, வேர்வை உடம்பாகவே இருக்கட்டும். எதற்கும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டி விட்டு வருவோம், நீங்களும் வாருங்கள்" என்று கூப்பிட வேண்டும்.

டாக்டரிடம் போனதும், "சளி, டாக்டர்" என்று மட்டும் சொல்லி விட்டுச் சும்மா இருக்கக் கூடாது. "பால் குடிக்கும்போது நெற்றியில் வேர்க்கிறது. நடு நடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறது. போன மாதத்திலிருந்து எடை ஏறவில்லை. நிமிஷத்துக்கு இத்தனை மூச்சு எண்ணினேன்" என்று சொல்ல வேண்டும்.

அந்த நாலு வார்த்தையைக் கேட்டால், மார்பில் குழாய் வைக்கும் டாக்டர் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக் கேட்பார். ஈரலைத் தொட்டுப் பார்ப்பார். தேவைப்பட்டால் ரத்தம் எடுக்கச் சொல்வார். எக்கோவுக்கு எழுதிக் கொடுப்பார்.

ரத்தத்தில் இருதயம் எழுதிய கடிதம் இருக்கத்தான் இருக்கிறது. தாய் பார்த்ததைச் சொன்னால்தான் டாக்டர் அதைப் பிரித்துப் படிப்பார்.

நாளைக் காலை உங்கள் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது, அதன் நெற்றியை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.